ஓடுகிற பிள்ளைக்கு உட்கார்ந்து செய்கிற வேலை

அன்புள்ள அண்ணாச்சி,

மாவட்டப் போட்டியில் 400 மீட்டரில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு நீங்கள்தான் பொன்னாடை போர்த்தினீர்கள். "என்ன உதவி வேணும்னாலும் கேளும்மா" என்று மைக்கிலேயே சொன்னீர்கள். அவள் கேட்க மாட்டாள், கூச்ச சுபாவம். பள்ளியில் அவளுக்குப் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் நான் கேட்கிறேன். உங்கள் ஜவுளிக்கடையில் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள்.

அரசுக் கல்லூரியில் காலை ஷிப்டில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் பெரிய தொகை இல்லை. தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். டவுன் பஸ்ஸும் இலவசம். பிறகென்ன குறை என்று தோன்றும். முட்டை, பால், பழம், ஸ்பைக்ஸ் ஷூ, வெளியூர்ப் போட்டிக்குப் போகிற செலவு எல்லாம் அந்த ஆயிரத்துக்குள் அடங்காது. அம்மா பீடி சுற்றுகிறார். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்று நெல்லைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் வீட்டில் இப்போது வேறு பேச்சு ஓடுகிறது. முழுநேரமாக ஏதாவது கடையில் சேர்ந்துவிட்டு, டிகிரியை அஞ்சல் வழியில் படித்துக்கொள்ளலாமாம்.

எனக்குப் பயமே அதுதான். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஓட வேண்டுமென்றால் கல்லூரியில் முழுநேர மாணவியாக இருக்க வேண்டும். அகில இந்திய அளவில் அங்கே வாங்குகிற பதக்கம் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பிக்கக் கைகொடுக்கும். தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அஞ்சல் வழிக்குப் போய்விட்டால் டிகிரி எப்படியும் வரும், ஆனால் அந்தப் போட்டி வாசல் மூடிவிடும்.

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்து, வெறுங்காலில் ஓடத் தொடங்கியவர். ஒரு பயிற்சியாளர் விடாமல் கூட நின்றதால் மதுரையிலேயே கல்லூரியில் படித்தார், ஓடினார், ரயில்வே வேலைக்குப் போனார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஓடுகிற கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். நம் பிள்ளையும் அந்த உயரத்துக்குப் போவாள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. மூன்று வருஷம் மைதானத்தை விட்டு விலகாமல் இருந்தால்தான் அதுவே தெரியவரும்.

சரி, என்ன வேலை? சேலை எடுத்துப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம், அண்ணாச்சி. கடைப் பிள்ளைகள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் சட்டமே வந்தும், கூட்ட நேரத்தில் யார் உட்காருகிறார்கள்? மணிக்கணக்கில் நின்ற காலை வைத்துக்கொண்டு மறுநாள் விடியற்காலையில் வேக ஓட்டம் ஓட முடியாது. பில் போடுவது, சரக்கு வந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது மாதிரி உட்கார்ந்து செய்கிற வேலையாக இருக்கட்டும். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவள், சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். மதியம் 2 மணிக்கு வந்தால் 5 மணிக்கு விட்டுவிடுங்கள். நேராகப் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டு அரங்கத்துக்குப் போய்விடுவாள். போட்டி நாட்களில் லீவு வேண்டும். தீபாவளி நெருக்கத்தில் "இன்னும் ரெண்டு மணி நேரம் இரும்மா" என்று மேனேஜர் நிறுத்திவைக்கக் கூடாது. இதை முதலிலேயே அவரிடம் நீங்கள் சொல்லிவிட வேண்டும், அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

சம்பளம் செய்கிற வேலைக்கு ஏற்றபடி இருந்தால் போதும். நன்கொடை என்றால் அந்த அம்மா வாங்க மாட்டார், உழைத்த கூலி என்றால் தலை நிமிர்ந்து வாங்குவார். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் வீட்டுக் கடனுக்குப் போய்விடும். மாதாமாதம் வருவதுதான் அவள் சாப்பாட்டுக்கு ஆகும்.

இதைத் தனியாக உங்களிடமே சொல்லியிருக்கலாம். உங்கள் தெருவில் இன்னும் பத்துக் கடை முதலாளிகள் இருக்கிறார்கள், மைதானத்தில் இன்னும் பல பிள்ளைகள் ஓடுகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

கல்லூரி திறக்க அதிக நாள் இல்லை. எந்தக் கிழமை கடையில் இருப்பீர்கள் என்று சொல்லுங்கள், அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அவளுடைய பழைய வாத்தியார்