பங்க் ஒயரிங்கில் டேப் சுற்றும் வேலை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், நெல்லை மாவட்டத்தில் கங்கைகொண்டானிலிருந்து காவல்கிணறு வரை சாலையோர பெட்ரோல் பங்க்குகளில் கேபிள் குழிகளுக்குள் தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பர் போல வெள்ளம் வந்தால் கேட்கவே வேண்டாம். ஈரத்தில் மின்கசிவு ஏற்பட்டு, கசிந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கும். விற்பனை நிற்கக் கூடாதே என்று வீட்டு ஒயரிங் பார்க்கும் ஆளைக் கூப்பிடுகிறார்கள். அவரும் ஆர்சிசிபியை விட்டு நேர் இணைப்புக் கொடுத்து, நனைந்த ஜாயின்ட்டில் டேப் சுற்றிவிட்டுப் போகிறார். கசிவு நிற்பதில்லை. கேபிளின் ஆர்மர் (மேலே சுற்றிய இரும்புக் கம்பி உறை) வழியாக ஓடி, கிளாண்ட் (கேபிளைப் பெட்டியோடு இறுக்கும் பிடி) எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே பொறி தட்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து குழியில்தான் இறங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒயர் போகும் கண்டூட் குழாயின் வாயை அடைக்காமல் விட்டிருந்தால் அதன் வழியே சேல்ஸ் ரூமுக்கே வந்துவிடும். அங்கே இருப்பதெல்லாம் சாதாரண ஸ்விட்ச்.

ஒயர்களை இணைக்கும் ஃப்ளேம்ப்ரூஃப் ஜங்ஷன் பாக்ஸ் (வெடிகாப்புப் பெட்டி) ஆவியை உள்ளே விடாது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆவி உள்ளே போகும், வெடிக்கவும் செய்யும். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடுக்கு வழியே வெளியேறும்போது அந்த நெருப்பு குளிர்ந்துவிடும். பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு போல்ட் குறைந்தாலும் அது வெறும் இரும்பு டப்பாதான். எட்டில் ஏழைப் பூட்டிவிட்டு மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இங்கே உதவாது. மூடி உட்காரும் பரப்பில் அரம், உப்புத்தாள், பெயின்ட், சிலிகான் எதுவும் படக் கூடாது. பயன்படாத துளைக்குச் சான்று பெற்ற உலோக பிளக்கே வேண்டும். எம்சீல் வைத்து அடைத்தால் போதாது.

பழுது பார்க்கும்போது டேங்கர் இறக்கக் கூடாது, அந்த டிஸ்பென்சரில் (பெட்ரோல் போடும் இயந்திரத்தில்) விற்பனையும் கூடாது. பேஸோடு நியூட்ரலையும் துண்டித்து, பேனலைப் பூட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கேஸ் டிடெக்டரைக் குழியின் அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். பூஜ்யம் காட்டினால்தான் கருவிப்பையைத் திறக்கலாம். வேலை முடியும் வரை டிடெக்டர் அங்கேயே ஓடட்டும்.

கேபிளின் இரு முனைகளையும் கழற்றிய பிறகே 500 வோல்ட் மெகர் (கேபிளின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போட வேண்டும். கழற்றாமல் போட்டால் டிஸ்பென்சரின் எலக்ட்ரானிக் போர்டு போய்விடும். பேனல் அறையில் நின்று மெகர் போட்டாலும் அந்த 500 வோல்ட் மறுமுனைக்கும் போகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; அங்கேயும் ஆவி இல்லை என்று பார்த்தாக வேண்டும். சோதனை முடிந்ததும் கேபிளில் தங்கிய மின்சாரத்தை எர்த்தில் இறக்கிவிட வேண்டும். மெகர் ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஒட்டுப்போடாமல் முழு நீளத்துக்கும் புது ஆர்மர்டு கேபிள் இழுப்பதே சரி. கிளாண்ட், கேபிளின் வெளிவிட்டத்துக்குப் பொருந்திய டபுள் கம்ப்ரஷன் (இரண்டு இடத்தில் இறுக்கும்) வகையாக இருக்க வேண்டும். குழியை மணல் போட்டு நிரப்பினால் ஆவி தங்க இடமிருக்காது.

உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றில் போல்ட்டும் கிளாண்டும் சீக்கிரம் துருவேறும். அங்குள்ள பங்க்குகளில் மழைக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் ஒருமுறை பெட்டிகளைத் திறந்து பார்க்க எண்ணெய் நிறுவனங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும் தீயணைப்புக் கருவியின் தேதியோடு நிறுத்திக்கொள்ளாமல், ஆர்சிசிபி இணைப்பில் இருக்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, மின்சாரம் நிற்கிறதா எனப் பார்க்கட்டும்.

மின் ஒப்பந்ததாரர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.