எங்கள் பிளாஸ்கையும் சேர்த்து எடுத்துப் போன சேச்சிக்கு

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். கஞ்சியும் பயறும் சாப்பிடுகிறார், உப்பு குறைவு என்று அம்மாவிடம் சண்டையும் போடுகிறார். நடந்ததெல்லாம் ஊர்க்காரர்களான உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் விளவங்கோடு தாலுகா, அன்றைக்குச் சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தது. என்றாலும் கேரள எல்லையிலிருக்கும் களியக்காவிளைக்காரர்களுக்குப் பெரிய நோய் வந்தால் வண்டி இன்றைக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் பறக்கும். அந்த ராத்திரி வண்டி ஓட்டிய அண்ணன், ரத்தம் கொடுக்க ஓடிவந்த பாலராமபுரத்துப் பையன்கள், கேட்காமலே பணம் போட்டுவிட்ட அப்பாவின் கூட்டாளிகள், சர்ச்சிலும் கோயிலிலும் எங்களுக்காக வேண்டிக்கொண்டவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. எதிர்வீட்டு மாமா நாங்கள் இல்லாத நாளெல்லாம் விடியுமுன்னே எங்கள் ரப்பரையும் வெட்டி, பாலெடுத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டு வைத்திருந்தார். மாமா, இதற்கு நான் என்ன சொல்ல!

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே பக்கத்துக் கட்டில் சேச்சிக்காகத்தான். நெடுமங்காட்டுப் பக்கம் என்று மட்டும் தெரியும். அவருடைய மகன்தான் அங்கே படுத்திருந்தான். நான் ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவர்களை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். நம்பர்கூட வாங்கி வைக்கவில்லை.

காலையில் வெந்நீர் பிடிக்கப் போகும்போது எங்கள் பிளாஸ்கையும் சேர்த்து எடுத்துப் போவார். நான் பல் தேய்த்து வருவதற்குள் அது நிறைந்து கட்டிலடியில் இருக்கும். தன் பையிலிருந்து ஒரு சிட்டிகை பதிமுகம் என்ற மரத்தின் சீவலையும் போட்டு வைப்பார். ஊற்றினால் தண்ணீர் இளஞ்சிவப்பாய் வரும். முதல் நாள் அதைப் பார்த்து மருந்து என்று நினைத்து அப்பா குடிக்க மாட்டேன் என்றார்.

ஒரு ராத்திரி என்னால் முடியவே இல்லை. டிரிப் தீர்ந்து ரத்தம் மேலே ஏறிவிடுமோ என்ற பயத்தில் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். சேச்சி எழுந்து வந்தார். பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து, பாட்டிலின் அடியிலிருந்து இரண்டு விரல்கடை மேலே ஒட்டினார். "மோளே, இவிடே எத்தும்போள் சிஸ்டரை விளிச்சால் மதி. ஞான் நோக்கிக்கொள்ளாம், நீ உறங்கு" (மகளே, இங்கே வரும்போது நர்ஸைக் கூப்பிட்டால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு) என்று தன் பாயை எனக்கு விரித்துக் கொடுத்தார். பாட்டில் எப்போது மாறியது என்றே எனக்குத் தெரியாது. அப்படி ஒரு உறக்கம்.

வந்து பார்த்தவர்கள் எல்லோரும் "என்ன வேணும்னாலும் சொல்லு பிள்ளே" என்றார்கள். மனசாரத்தான் சொன்னார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வார்டில் நிற்கிறவளுக்கு, தனக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பதே பெரிய பாரம். சேச்சி ஒரு தடவைகூட என்னிடம் எதுவும் கேட்டதில்லை. எனக்கு எது குறைகிறது என்று பார்த்தார், செய்தார்.

மத்தியானம் கிடைத்த பொதிச்சோறும் அப்படித்தான். எந்த வீட்டிலோ ஒரு பொதி கூடுதலாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வாட்டிய வாழையிலையைப் பிரித்தால் சோறு, தோரன் என்கிற தேங்காய்ப் பொரியல், ஓரத்தில் சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையல். யார் சாப்பிடப் போகிறார்கள் என்று தெரியாமலே அந்தச் சம்மந்தியை அரைத்தவர்களை நினைத்து அழுதுகொண்டே சாப்பிட்டிருக்கிறேன்.

சேச்சி, உங்கள் மகன் எழுந்து நடக்கிறானா? நெடுமங்காட்டில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் யாராவது இதை வாசித்தால், அவரைத் தேடிக் கொடுங்கள், புண்ணியமாய்ப் போகும்.

நம் ஊரிலிருந்து யாரையாவது மெடிக்கல் காலேஜில் சேர்த்திருந்து, ராத்திரி மாற்றிவிட ஆளில்லாமல் இருந்தால், இனி நான் வருவேன். இது சும்மா சொல்வதில்லை. சனி, ஞாயிறு ராத்திரிகளில் எனக்கு வேலையில்லை. எந்த வார்டு என்று மட்டும் சொல்லுங்கள்.