நிக்கல் ரொட்டின் புகை

ஆசிரியர் அவர்களுக்கு,

எவர்சில்வர் சட்டியில் புளி போட்டுச் சமைத்தால் அதில் கலந்திருக்கும் நிக்கல் என்ற உலோகம் கரைந்து புற்றுநோய் வரும் என்ற கதை வாட்ஸ்அப்பில் ஓய்ந்து ஓய்ந்து வருகிறது. வீட்டுக்காரி சட்டியை மாற்றுகிறாள். மகனோ கல்முனை வீதியோரத்து வெல்டிங் கடையில் குந்தியிருந்து ஸ்டீல் கேற் ஒட்டிவிட்டு, மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது என்று சிரிக்கிறான். நிக்கல் விஷயத்தில் கேட்க வேண்டியது இந்தக் கறுப்பைப் பற்றித்தான்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1990 இல் நிக்கல் சேர்மங்களை முதலாம் தொகுதியில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில், சேர்த்தது. உலோகமாக இருக்கும் நிக்கல் இரண்டு படி கீழே, ‘தரக்கூடும்’ என்ற 2பி தொகுதியில் இருக்கிறது. வெல்டிங் புகையை முழுவதாகவே 2017 இல் முதலாம் தொகுதிக்கு ஏற்றினார்கள். நிக்கலால் வருவது நுரையீரலிலும் மூக்குக் குழியிலும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் வரும் புற்று. மூச்சோடு உள்ளே போனால்தான் இந்தக் கேடு. சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போகும் நிக்கல் மனிதருக்குப் புற்றுநோய் தந்ததற்குச் சான்று இல்லை. மலிவுத் தோடு போட்ட காது அரிப்பதும் புண்ணாவதும் ஒவ்வாமை, அது புற்றாக மாறாது. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் புதுச் சட்டியில் முதல் சில தடவை புளிப்புச் சமையலைத் தவிர்த்தால் போதும்.

இது எப்படித் தெரிய வந்தது என்றால், வேல்ஸ் நாட்டில் கிளைடாக் என்ற ஊரில் 1902 இல் தொடங்கிய நிக்கல் சுத்திகரிப்பு ஆலையால். அங்கே வேலை செய்தவர்களிடம், வேறு எங்கும் அரிதாகக் காணப்படும் மூக்குப் புற்று அடுத்தடுத்து வந்தது. உலையையும் தூசி கிளம்பும் விதத்தையும் மாற்றிய பிறகு, 1930 இற்குப் பின் வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் அது வெகுவாகக் குறைந்துபோனது.

எங்கள் பக்கத்தில் அப்படி ஆலை இல்லை. இருப்பது ஓட்டமாவடியிலிருந்து பொத்துவில் வரை வீதியோரத்து வெல்டிங் கடைகளும், லான்ட்மாஸ்டரும் அரிசி ஆலை இயந்திரமும் திருத்தும் கராஜ்களும், கில்ட் நகைக்கு முலாம் பூசும் சிறு அறைகளும்தான். மூன்றிலும் நிக்கல் இருக்கிறது, ஆனால் அளவு ஒன்றல்ல.

ரொட் என்பது உருகி ஒட்டைப் போடும் வெல்டிங் குச்சி. சாதாரண இரும்புக்கு ஒட்டும் 6013 இலக்க ரொட்டில் சொல்லும்படியான நிக்கல் இல்லை. ஸ்டீலுக்கு, அதாவது எவர்சில்வருக்கு, ஒட்டும் 308எல் ரொட்டில் நூற்றுக்கு 9 முதல் 11 வரை நிக்கல், 20 அளவில் குரோமியம். அந்தக் குரோமியம் புகையில் ஆறு வலுவளவுள்ள நச்சு வடிவமாக மாறுகிறது. அதுவும் முதலாம் தொகுதி. ரொட்டில் ஒட்டும்போது குரோமியம்தான் பெரிய எதிரி, மிக் (சுருளிலிருந்து தானே வரும் வயரால் ஒட்டும் முறை) வயரில் ஒட்டும்போது புகையில் நிக்கலின் பங்கு கூடுகிறது, டிக்கில் (உருகாத டங்ஸ்டன் முனையால் ஒட்டும் முறை) இரண்டும் மிகக் குறைவு. மெல்லிய ஸ்டீல் குழாய்க்கு டிக் இருக்கும் கடையில் ரொட்டைத் தொடவே தேவையில்லை.

மிகக் கூடுதலான நிக்கல் வரும் இடத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. வெடித்த வார்ப்பிரும்பை ஒட்டும் ‘நிக்கல் ரொட்’. தூய ரகத்தின் கம்பியில் நூற்றுக்கு 90 இற்கு மேலும், நிக்கல்-இரும்பு ரகத்தில் 55 அளவிலும் நிக்கல். பம்பின் உடலையோ கியர் பெட்டியையோ இந்த ரொட்டால் ஒட்டுகிற பாஸ் ஒரு அங்குலம் ஓட்டுவார், சூடாறுமுன் சுத்தியலால் மெல்லத் தட்டுவார், கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு அடுத்த அங்குலம் போவார். அவசரப்பட்டால் பக்கத்தில் புது வெடிப்பு விழும். அந்த வெடிப்பின் நுனியைப் பார்க்கவே முகத்தைக் கிட்டக் கொண்டுபோகிறார். புகை நேரே தலைக்கவசத்துக்குள் ஏறுகிறது. துகள் ஒரு மைக்ரோனிலும், அதாவது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும், சிறியது, நுரையீரலின் அடிவரை போய்ச் சேரும். எளிதில் கரையாத நிக்கல் துகளை உயிரணு விழுங்கிக்கொள்ள, அது உள்ளிருந்தபடியே மெல்லக் கரைந்து, மரபுப்பொருளில் விழும் சேதத்தைச் சரிசெய்யும் வேலையைக் குழப்புகிறது. நோய் தலைகாட்டப் பத்து, இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு நுரையீரல் ஆபத்து இன்னும் கூடும்.

எவ்வளவு நிக்கல் கூடாது? அமெரிக்காவின் தொழிற் சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை ஒரு கன மீற்றர் காற்றில் 0.015 மில்லிகிராம். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமான கடையறை முழுவதிலும் சேர்த்து 0.4 மில்லிகிராம் அளவு. ஒரு சீனிப் பளிங்கின் எடைகூட வராது. ‘கதவு திறந்துதானே இருக்கு’ என்ற சமாதானம் இந்தக் கணக்குக்கு முன் நிற்காது.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, பெரும்பாலும் மலிவு. முதலில் நிலத்தில் குந்தி ஒட்டுவதை விடுங்கள். குனிந்த முகம் புகைத் தூணுக்கு நேர் மேலே நிற்கும். மூன்றடி உயர மேசையில் வேலையை நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து ஒட்டினால் புகை முகத்தை விலகி ஏறும். ஃபேனை முதுகுக்குப் பின்னால் வைப்பது பெரும் பிழை: உடம்பு காற்றை மறிக்க, நெஞ்சுக்கு முன்னால் சுழி உண்டாகி, புகை திரும்ப மூக்குக்கே வரும். ஐந்தாறு அடி தள்ளிப் பக்கத்திலிருந்து மெதுவாக வீசவேண்டும். டிக், மிக் என்றால் இன்னும் மெதுவாக, இல்லாவிட்டால் வாயு கலைந்து ஒட்டில் ஓட்டை விழும். வசதியுள்ளவர்கள் ஆறங்குலக் குழாய் பொருத்திய உறிஞ்சி ஃபேன் போடலாம். குழாய் வாயிலிருந்து அதன் விட்டத்தளவு தள்ளிப்போனாலே உறிஞ்சும் வேகம் பத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே வாய் ஒட்டும் இடத்துக்கு ஆறங்குலத்துக்குள் இருக்கட்டும், வேலை நகர நகர அதையும் நகர்த்துங்கள். சரிபார்க்க ஊதுபத்தி போதும். ஒட்டும் இடத்தில் பிடித்தால் புகை வளைந்து குழாய்க்குள் போகவேண்டும், மேலே போனால் காசு வீண்.

லேஞ்சி கட்டுவதும், கொரோனாக் காலத்து நீல மாஸ்க்கும் இந்தப் புகையைத் தடுக்காது. பெயின்ட் அடிப்பவர் போடும் கரிப் பெட்டி மாஸ்க் வாயுவுக்கானது. துகள் வடிகட்டி சேர்க்காமல் அது மட்டும் பயன்படாது. குறைந்தது என்95, நிக்கல் ரொட்டுக்கு பி100 வடிகட்டி (நுண்துகளை ஏறக்குறைய முழுவதும் பிடிப்பது) போட்ட ரப்பர் அரைமுக மாஸ்க். அணிந்ததும் உள்ளங்கையால் மூச்சு வெளிவரும் வாயை மூடி மெல்ல ஊதிப் பாருங்கள், ஓரத்தால் காற்று கசிந்தால் அது போடாததற்குச் சமன். தாடி வைத்தவர்களுக்கு ரப்பர் மாஸ்க் ஒட்டாது. மின்கலத்தில் இயங்கித் தலைக்கவசத்துக்குள் சுத்தக் காற்று ஊதும் வகைதான் சரி. விலை கூடுதல், ஆனாலும் இதைச் சொல்லாமல் விடமுடியாது. மாலையில் கொம்பிரசர் காற்றால் சட்டையையும் நிலத்தையும் ஊதித் துடைக்கும் பழக்கம் அன்றைய தூசி முழுவதையும் மறுபடி மூச்சுக்குத் தருகிறது. ஈரத்துணியால் துடையுங்கள்.

முலாம் அறைகளுக்கு ஒரு பேச்சு: பச்சை நிக்கல் சல்பேற்றுக் கரைசல் 50, 60 பாகை சூட்டில் குமிழ்விடும்போது நுண்துளி காற்றில் பறக்கிறது. வேலை இல்லாத நேரம் மூடி போடுங்கள், ஓடும்போது மேலே பிளாஸ்டிக் உருண்டைகளை மிதக்கவிடுங்கள். பழைய கரைசலை வாவிக்குப் போகும் கானில் ஊற்றாமல், சுண்ணாம்பு போட்டு பிஎச் 10 அளவுக்கு உயர்த்தினால் நிக்கல் பச்சைச் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றையும் குப்பையில் கொட்டாமல் பூட்டிய வாளியில் வையுங்கள்.

மாநகர, பிரதேச சபைகள் வெல்டிங் கடைக்கு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது தீயணைப்பு வாளியைப் பார்ப்பதுபோல் புகை எங்கே போகிறது என்றும் பார்க்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் ரொட்டின் இலக்கத்தைப் படிக்கக் கற்பிக்கும் அன்றே அதன் புகையில் என்ன இருக்கிறது என்றும் சொல்லிக்கொடுக்கலாம்.

சிறுநீரில் நிக்கல் பார்க்கும் சோதனை அண்மையில் உள்ளே போனதைத்தான் காட்டும், புற்று இருக்கிறதா என்று சொல்லாது. மூக்கில் ஒரு பக்கம் மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தால், அடிக்கடி இரத்தம் வந்தால், மூன்று வாரம் தாண்டியும் இருமல் நிற்காவிட்டால், சளியில் இரத்தம் கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே தொழில் என்ன என்று கேட்டால் ‘கூலி’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘வெல்டிங், பதினெட்டு வருடம், நிக்கல் ரொட்டும் ஸ்டீலும்’ என்று சொல்லி, அதைக் கிளினிக் கொப்பியில் எழுதவும் கேளுங்கள்.

தொழிற் பாதுகாப்புப் பயிற்றுநர்கள்,
கல்முனை.