ஊற்றுக்கு மேலே இருக்கும் நிலத்துக்கும் பணம் கேள்

கோத்தகிரி

அன்புள்ள முருகேசன்,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த தடுப்பணை எஸ்டிமேட் நகலும் கிடைத்தன. வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கும் நலம். பச்சைத் தேயிலை விலைதான் வழக்கம்போல எல்லோர் வாயிலும்.

நீர்வளத்துக்குக் கோடி கோடியாக அறிவிக்கிறார்களே, உங்கள் கொடைக்கானல் மலை மன்னவனூர்ப் பக்கத்து ஊற்று மட்டும் ஏன் மார்ச்சிலேயே சுண்டிப்போகிறது என்று கேட்டிருந்தாய். பதில் அந்த எஸ்டிமேட்டிலேயே இருக்கிறது. தடுப்பணை வரப்போவது ஊற்றுக்குக் கீழே, ஓடையில். கீழ்க்காட்டுக் கிணறுகளுக்கு அது உதவலாம். ஊற்றுக்கு ஒரு சொட்டும் சேராது. உன் பழனி மலை, என் நீலகிரி இரண்டிலும் அடியில் சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை, மேலே மக்கிய மண். மழைநீர் மேட்டில் இறங்கி, மண்ணுக்கும் பாறைக்கும் நடுவிலும் பாறை வெடிப்புகளிலும் நகர்ந்து வந்துதான் ஊற்றாகிறது. அந்த மேட்டில் என்ன நிற்கிறது என்பதுதான் விஷயம்.

கிளென்மார்கனில் ஊட்டி மண்வள ஆராய்ச்சி மையத்தார் அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு அளந்தார்கள். ஒன்றில் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள், மற்றதைப் புல்வெளியாகவே விட்டார்கள். முதல் சுற்று மரத்தில் ஆண்டு நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. உன் ஊற்றுக்கு மேலே சீகை (வாட்டில் மரம்) காடு என்று எழுதியிருக்கிறாய். தடுப்பணைக்குப் போகும் பணம் அங்கே போயிருக்க வேண்டும்.

ஏன் போகவில்லை? தடுப்பணை மூலதனச் செலவு. கணக்குத் தலைப்பு 4702, சிறுபாசனம். கான்கிரீட்டை அளந்து எம் புக் என்ற அளவுப் புத்தகத்தில் ஏற்றி, பில் போட்டு முடித்துவிடலாம். சீகையை அகற்றி, முளைப்பதைப் பிடுங்கி, புல்லை மீட்பது வருவாய்ச் செலவு, அதாவது கட்டடம்போல் சொத்தாக நிற்காத நடப்புச் செலவு; தலைப்பு 2406, வனம். நிதி இறுகும்போது முதலில் கைவைப்பது இந்த மாதிரிச் செலவில்தான். அதைவிடக் கெடுதல், வெட்டுவதற்கு ஒரு வருஷம் பணம் தந்துவிட்டு நிறுத்திக்கொள்வது. சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் கம்பளம் விரித்ததுபோல் முளைக்கும். அடுத்த மழைக்காலத்தில், கன்று முழங்காலைத் தாண்டுவதற்குள், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். குறைந்தது ஐந்து மழைக்காலம் இதைச் செய்யாவிட்டால், வெட்டியதற்கு முன்பு இருந்ததைவிட அடர்த்தியான காடுதான் மிஞ்சும். அரைகுறையாக வெட்டுவதற்கு வெட்டாமலே விடலாம் என்பது என் உறுதியான கருத்து.

நிதியாண்டும் மலைக்கு எதிரி. பட்ஜெட் வந்து, மானியக் கோரிக்கை நிறைவேறி, அரசாணை, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் என்று முடிவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். மழை விட்டால் உறைபனி. மிஞ்சுவது பிப்ரவரியும் மார்ச்சும். மார்ச் 31-க்குள் செலவாகாத பணம் காலாவதி. அதனால்தான் மலையில் கான்கிரீட் எல்லாம் கடைசி ஆறு வாரத்தில் அவசரமாகப் போடப்படுகிறது. பச்சைக் கான்கிரீட்டை நனைத்து வைக்கக்கூட ஆளிருப்பதில்லை. களை பிடுங்க ஏற்ற ஜூன், ஜூலையிலோ கையில் பணம் இருக்காது.

ஒவ்வொரு துறைக்கும் எவ்வளவு பணம் என்று சொல்லும் மானியக் கோரிக்கைப் புத்தகங்களை நிதித்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். எண் 40 நீர்வளம், 42 ஊரக வளர்ச்சி, 54 வனம். மண்வளப் பாதுகாப்பு வேளாண்மையில் இருக்கும். அதன் பட்ஜெட்டை 2021 முதல் தனியாக வாசிக்கிறார்கள். அறிவிப்பை நம்பாதே, ஒரே வரியை மூன்று வருஷப் புத்தகத்தில் தொடர்ந்து பார்: முதலில் மதிப்பீடு, அடுத்ததில் திருத்த மதிப்பீடு, அதற்கடுத்ததில் உண்மையில் செலவான கணக்கு. தொகை ஆயிரம் ரூபாய்க் கணக்கில் இருக்கும். ஒரு வரிக்கு நேரே வெறும் 1 என்று இருந்தால், தலைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பணம் இல்லை என்று அர்த்தம்.

இனி நீ கேட்க வேண்டியது. ஊற்றுக்கு மேலே உள்ளது காப்புக்காடு என்பதால் வேறு துறை உள்ளே போனால் வன அனுமதி இழுத்துக்கொண்டே போகும். வனத்துறையே தன் வேலையாகச் செய்யும்படி கேள். வெட்டுக்கூலி, ஐந்து வருஷக் களையெடுப்பு, நாட்டுப் புல் நாற்று எல்லாம் ஒரே அரசாணையில், வருஷவாரியாகப் பிரித்து வர வேண்டும். சிக்கிம் 2008-இல் தொடங்கிய ஊற்று மீட்பில் மேட்டில் வரிசை மாற்றி அகழிகள் எடுத்தார்கள். 2 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம் என்றால் ஓர் அகழி 540 லிட்டர் பிடிக்கும். ஆனால் அதை இங்கே கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மண்சரிவுகளுக்குக் காரணம், கனமான மண்ணுக்குள் நீர் ஏறியதுதான். வீடுகளுக்கு நேர் மேலேயும், மரங்கள் சாய்ந்து நிற்கும் சரிவிலும் ஒரு குழிகூட வேண்டாம். புவியியல் துறை பார்த்துச் சொன்ன இடத்தில் மட்டும் போதும்.

கோரிக்கையோடு அளவு இருந்தால்தான் மதிப்பு. மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், 10 லிட்டர் வாளியை ஊற்றுவாயில் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி என்று மூன்று தடவை பார்த்துச் சராசரி எழுது. 40 வினாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளுக்கு 21,600. ஜல் ஜீவன் கணக்குப்படி ஆளுக்கு 55 லிட்டர் என்றால் சுமார் 390 பேருக்குக் காணும். ஆனால் இரவில் வருவது ஓடையில் போய்விட்டால் பாதிப் பேருக்குத்தான். அதனால் 10,000 லிட்டர் தொட்டி ஒன்றையும் சேர்த்துக்கொள். ஜல்லியும் எம்-சாண்டும் கீழேயிருந்து ஏற்றும் வண்டிக்கூலி எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று பார். சமவெளி ரேட்டில் போட்டால் எந்த ஒப்பந்ததாரரும் வரமாட்டார்.

துறைகள் அடுத்த வருஷத் தேவையை அக்டோபர், நவம்பர் வாக்கில் எழுதி அனுப்பிவிடும். ஜனவரி 26 கிராம சபைத் தீர்மானம் அதற்குப் பிந்திவிடும். ஆகஸ்ட் 15-லேயே தீர்மானம் போட்டு, நகலை வன அலுவலருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடு. தீர்மான வாசகத்தை எழுதி எனக்கு முன்கூட்டியே அனுப்பு, சர்வே எண்ணையும் அளவுகளையும் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ராமலிங்கம்