மலையூர் அடுப்புக்கும் ஒரு குறிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான பிரெட் புட்டிங் செய்முறையில், ஆவியில் 30 நிமிடம் வைத்தால் போதும் என்று இருந்தது. சமவெளிக்கு அது பொருந்தலாம். ஆனால் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக வைக்காவிட்டால் நடுப்பகுதி கூழாகவே நின்றுவிடுகிறது. இதை நான் குறையாகக் கருதவில்லை. முட்டையும் பாலும் கலந்த கலவை 80 டிகிரியை ஒட்டியே இறுகத் தொடங்கும் என்பதாலும், கடுஞ்சூடு பட்டால் முட்டை திரிந்து நீர் விட்டுவிடும் என்பதாலும், எங்கள் ஊரின் மிதமான ஆவி இந்தப் பண்டத்துக்கு உகந்ததே.

பிரெட் புதியதா, முந்தைய நாளையதா என்பதையும் செய்முறை சொல்லவில்லை. புதிய பிரெட் பாலில் குழைந்துவிடும். சற்று உலர்ந்ததே உருக்குலையாமல் பாலை உறிஞ்சும். 6 துண்டுகளுக்கு அரை லிட்டர் வெதுவெதுப்பான பால், 3 முட்டை, 100 கிராம் சர்க்கரை என்ற அளவில் கலந்து, 20 நிமிடம் ஊறவிட்ட பின்னரே ஆவியில் ஏற்ற வேண்டும். (எங்கள் ஊரின் மொறுமொறுப்பான பிஸ்கட்டான வர்க்கியில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு, அதைத் தேநீருக்கே விட்டுவிடுவது நல்லது.) பாத்திரத்தைத் தட்டால் மூடாவிட்டால், குக்கர் மூடியிலிருந்து சொட்டும் நீர் மேற்பரப்பைக் குழிகுழியாக்கிவிடும்.

இனி வெளியிடும் ஆவிப் பண்டங்களின் செய்முறைகளில் மலையூர்களுக்கான நேரத்தையும் தனியே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உதகமண்டலம்.