கோளாறு லினக்ஸில் இல்லை, மோடத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. என் பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது. சரி, தூக்கிப்போட மனமில்லாமல், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். அரை மணி நேர வேலைதான்.

பிரவுசரில் உங்கள் நாளிதழ் திறந்தது, வங்கித் தளமும் திறந்தது. ஆனால் மென்பொருள்களைப் புதுப்பிக்கக் கட்டளை கொடுத்தால் 0 சதவீதத்திலேயே பிள்ளையார் போல உட்கார்ந்துகொண்டது. இணைய நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். "லினக்ஸா சார்? அதுக்கு நாங்க பொறுப்பில்லை. விண்டோஸ் போட்டுட்டுக் கூப்பிடுங்க" என்றார் அந்தப் பையன்.

இரண்டு நாள் கழித்துத்தான் திரையைச் சரியாகப் படித்தேன். இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் எண்ணால் ஆன ஒரு முகவரி உண்டு; அதில் பழைய வகை ஐபிவி4, புதிய வகை ஐபிவி6. என் கணினி இணைய முயன்ற முகவரி, முக்காற்புள்ளிகள் நிறைந்த நீளமான ஐபிவி6 முகவரி. மறுமுனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையில், பழைய வகைக்கு 4 என்று போட்டுக் கேட்டால் உடனே பதில் வந்தது. புதிய வகைக்கு 6 என்று போட்டால் மௌனம்.

பழைய ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் இப்போது இரண்டு வகையும் அருகருகே ஓடுகின்றன. இரண்டும் இருந்தால் லினக்ஸ் பெரும்பாலும் புதியதைத்தான் முதலில் தேடிப்போகும். என் வீட்டு மோடம் "ஐபிவி6 வழி இருக்கிறது" என்று கணினிக்கு அறிவித்துவிட்டு, வெளியே போகும் பாதையை அடைத்து வைத்திருந்தது! பிரவுசர் கெட்டிக்காரத்தனமாகக் கால் நொடி பார்த்துவிட்டுப் பழைய வழிக்குத் தாவிவிடும். என் கணினியின் புதுப்பிக்கும் நிரலோ அடைத்த கதவின் முன்னால் காத்து நின்றது. கைபேசியில் எல்லாம் ஓடியதும் இப்படிப் பழைய வழிக்குத் தாவியதால்தான் என்று நினைக்கிறேன்.

ஐபிவி6-ஐயே அணைத்துவிடு என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளை அதுதானே வேண்டும்? எந்த வகை முகவரியை முதலில் தேடுவது என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஜிஏஐ டாட் கான்ஃப் (gai.conf) என்ற அமைப்புக் கோப்பில் ஐபிவி4-க்கு முன்னுரிமை தரும் வரி ஏற்கெனவே இருக்கிறது. தொடக்கத்தில் # குறி இருப்பதால் கணினி அந்த வரியைக் கண்டுகொள்ளாது; அந்தக் குறியை மட்டும் எடுத்தேன். புதுப்பிப்புகள் மளமளவென்று இறங்கின.

அப்புறம், மறுபடி நச்சரித்து ஊழியரை வரவழைத்தேன். அவர் மோடத்தின் அமைப்பில் எதையோ மாற்றினார், பத்து நிமிடம்தான். 6-க்கும் பதில் வந்தது. அன்றே # குறியைப் பழையபடி போட்டுவிட்டேன்.

இணைப்புத் தர வரும் ஊழியர்கள் கைபேசியில் யூடியூப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். 4, 6 இரண்டுக்கும் ஒரு முறை பிங் கொடுத்துப் பார்க்கச் சொல்லி நிறுவனங்கள் அவர்களுக்கு உத்தரவிட வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
கும்பகோணம்.