ரோலருக்கு மேலே ஒரு கூரை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இதழில் மலையகத்தின் பழைய தேயிலை ஸ்டோர்களை, அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளைப் பற்றி வந்த படங்களைப் பார்த்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள்ளே ஓடிய இயந்திரங்கள் எங்கே போயின என்று ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் மூடப்பட்ட ஸ்டோர்களில் இருந்தவை பழைய இரும்புக் கடைக்குத்தான் போயின.

என் அப்பா பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு ஸ்டோரில், கொழுந்தை உருட்டி நசுக்கும் இயந்திரம் இருக்கும் ரோலர் காம்பராவில் 31 வருஷம் வேலை செய்தவர். மேல்மாடியில் வாட்டிய கொழுந்தை இறக்கி ரோலரில் நிரப்பிவிட்டு, மூடியின் அழுத்தத்தை எப்போது கூட்டுவது, எப்போது தளர்த்துவது என்று இலையின் வாசத்தை வைத்தே சொல்லுவார். ரோலரின் மேசையில் பிறை பிறையாகப் பித்தளைச் சட்டங்கள் பதிந்திருக்கும். இலை அதில் புரண்டு நசுங்கி, சாறு வெளியே வந்து காற்றுப் பட்டால்தான் செம்பு நிறம் பிடிக்கும். ஸ்டோரை மூடியதும் முதலில் காணாமல் போவதும் அந்தப் பித்தளைதான், ஏனென்றால் அதற்குக் கிலோ கணக்கில் நல்ல விலை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலரும் ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவரும் சேர்ந்து ஒரு சிறிய நூதனசாலைக்காக (அருங்காட்சியகத்துக்காக) நான்கு வருஷமாக இதையெல்லாம் சேகரித்து வருகிறார்கள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான பழைய கொழுந்து மடுவம் ஒன்றில் இரண்டு ரோலர், பெல்ஃபாஸ்டில் டேவிட்சன் கம்பனி செய்த தேயிலை உலர்த்தும் ஒரு சிரோக்கோ அடுப்பு, கொழுந்துத் தராசு, செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்திகள், ஆள் வரவும் சம்பளமும் பதியும் செக்ரோல் புத்தகங்கள், அப்புறம் கடல் கடந்து வந்தவர்கள் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்று எழுத்தும் எண்ணும் பொறித்துக் கொடுத்த தகரத்துண்டு இரண்டு. இந்தத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்த என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “டீச்சர், இதுதான் அவங்க பேரா?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அனுசரணை தருகிறோம் என்று யாருமே வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு கம்பனியிலிருந்து வந்தார்கள், பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. பெயர்ப்பலகையில் தங்கள் பெயர் பெரிதாக வரவேண்டும் என்றார்கள், சரி என்றோம். அப்புறம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் படங்களைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கலாமே என்றார்கள். கடைசியில் 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு இறந்த கோவிந்தனைப் பற்றிய பலகை எதற்கு என்று கேட்டார்கள். அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து வந்தோம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், இப்போதும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பணம் தருபவரின் பெயரை வாசலில் எழுதலாம், நன்றியும் சொல்லலாம், உள்ளே எது இருக்கவேண்டும் என்பதை மட்டும் நூதனசாலையை நடத்துபவர்கள்தான் முடிவுசெய்யவேண்டும். இதை முதல் நாளே எழுத்தில் வைத்துக்கொள்ளாமல் யாரும் அனுசரணை வாங்கக்கூடாது, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

இன்னொரு வகை உதவி திறப்பு விழாவுக்கு வருவது. பெயின்ட் அடிக்க, கம்பியூட்டர் வாங்க, ரிப்பன் வெட்டக் காசு கிடைத்துவிடும். இரவில் காவலுக்கு இருப்பவரின் மாதச் சம்பளத்துக்கும், கிரீஸுக்கும், கரண்ட் பில்லுக்கும் யாரும் தருவதில்லை. எங்கள் ஊர்ப் பனியில் இரண்டு மாதம் கிரீஸ் பூசாமல் விட்டால் வார்ப்பிரும்பு சிவந்துபோகும், இதை ஸ்டோரில் வேலை செய்த எவரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே ஒரே தடவை பெரிய தொகையைவிட, ஐந்து வருஷத்துக்கு மாதாமாதம் வரும் சிறிய தொகைதான் எங்களைப் போன்றவர்களுக்கு உயிர்.

ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோரில் இருக்கும் தேயிலை நூதனசாலைக்குப் பிள்ளைகளை இரண்டு தடவை கூட்டிப் போயிருக்கிறேன், எல்லோரும் பார்க்கவேண்டிய இடம். ஆனால் அதைத் தொடங்கியது தேயிலைச் சபையும் தோட்ட முதலாளிமார் சங்கமும். கடுகண்ணாவையில் 2014இல் திறந்த ரயில் நூதனசாலைக்குப் பின்னால் ரயில்வே திணைக்களம் இருக்கிறது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் முதன்முதலாக வர்த்தகத்துக்கென்று தேயிலை நட்ட கதையைச் சொல்ல ஆள் இருக்கிறது, அந்த 19 ஏக்கரில் இடுப்பு ஒடிய வேலை செய்தவர்களின் கதையைச் சொல்வதற்குத்தான் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு சமூக நிறுவனம் பழைய லயக்காம்பராக்களையே நூதனசாலையாக்கவேண்டி வந்தது. அப்படி ஒன்று அங்கே இருப்பதே எங்கள் பாடசாலையில் பாதி ஆசிரியர்களுக்குத் தெரியாது, அது எனக்குப் பெரிய வருத்தம்.

பணம் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். ஏற்றுமதியாகும் தேயிலையில் கிலோவுக்கு 3 ரூபா 50 சதம் என்று 2010இல் ஒரு பிரசார வரி கொண்டுவந்தார்கள், ‘சிலோன் டீ’ என்ற பெயரை உலகத்தில் எடுத்துச் சொல்வதற்காக. அந்தப் பெயரை உண்டாக்கியவர்களின் கருவிகளைக் காப்பதும் அதில் சேரும்தானே? அப்படி வரும் பணத்தில் கிலோவுக்கு ஒரு சதத்தை இந்தச் சிறிய நூதனசாலைகளுக்கென்று ஒதுக்கினால் போதும். பெட்டியில் கூடையும் கொழுந்தும் சிரிப்புமாக எங்கள் பெண்களின் படத்தைப் போட்டு விற்கும் கம்பனிகளையும் நான் வெட்கப்படாமல் கேட்பேன். கந்தப்பளையில் ஹெதர்செட் ஸ்டோரை ஹோட்டலாக்கியபோது பழைய இயந்திரத்தை உள்ளேயே வைத்திருக்கிறார்கள், அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் போகிறார்கள். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுக்க வருபவர்களில் கொஞ்சப் பேராவது ஒரு கொழுந்து மடுவத்தையும் பார்க்க வருவார்கள், வழிகாட்டும் பலகை ஒன்றைப் பிரதேச சபை நட்டுக்கொடுத்தால்.

1964இல் இந்தியாவோடு செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போய் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டங்களில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் உங்கள் பத்திரிகையை இணையத்தில் வாசிக்கிறார்கள் என்று தெரியும். அவர்களிடம் காசைவிட முதலில் கேட்பது வேறு. வீட்டில் பழைய செக்ரோல் தாள், பற்றுச்சீட்டு, ஸ்டோருக்கு முன்னால் நின்று எடுத்த படம் ஏதாவது இருந்தால் அதன் பிரதியை அனுப்புங்கள். உங்கள் பத்திரிகையில் மாதம் ஒரு தடவை கால் பக்கம் ஒதுக்கித் தந்தால் வருகிறவற்றை அதில் வெளியிடலாம், ஆசிரியரே.

மடுவத்தின் தகரம் தெற்குப் பக்கம் முழுவதும் ஓட்டை. இரண்டாவது ரோலரை இப்போதைக்குப் படங்கு போட்டு மூடி வைத்திருக்கிறோம். வைகாசி மழை பிடிப்பதற்குள் 40 தகரம் வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.